மூன்று மைதானங்களும் முதலிடம்

ஷட்டர் முக்கால்வாசி இறங்கிவிட்டது. மெக்கானிக் யோசிக்கவில்லை. தோள்பையிலிருந்து நீள ஸ்க்ரூடிரைவரை உருவி, கவுன்ட்டர் பலகைக்கும் ஷட்டருக்கும் நடுவே செங்குத்தாக நிறுத்தினான். ஷட்டர் ணங்கென்று அதன் தலையில் உட்கார்ந்தது. உள்ளேயிருந்த கை இன்னும் இரண்டு தரம் இழுத்துப் பார்த்தது. பிறகு ஒரு முகம் மெதுவாகக் குனிந்து, மிச்சமிருந்த இடைவெளி வழியாக வெளியே எட்டிப் பார்த்தது.

“இது ஆயுதமா?”

“இல்ல சார், ஸ்க்ரூடிரைவர். நான் லிப்ட் மெக்கானிக். ஒரே ஒரு கேள்வி. கேட்டுட்டுப் போயிடறேன்.”

“ஆயுதமா இருந்தா பக்கத்து கவுன்ட்டர்” என்றது முகம், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. “கேள்வின்னா இங்கதான். கேளுங்க.”

“மூணு கோல்ஃப் மைதானம் இருக்கே சார். மலையடி, ஏரிக்கரை, கடலோரம். இப்போதைக்கு எதுல புல்லு நல்லாப் பச்சையா இருக்கு?”

அந்த முகத்துக்குச் சொந்தக்காரர், கோல்ஃப் மைதானச் சம்மேளனத்தின் நிலை ஒப்பீட்டுப் பிரிவுச் செயலர். பச்சைக் கோட்டு, பச்சை டை. கோட்டுப் பையில் பூ இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் புல் கற்றை. அவர் பேனாவை மூடி வைத்தார். அவருடைய சர்வீஸில் எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். உறுப்பினர் அட்டை கேட்டிருக்கிறார்கள், விழாவில் முன்வரிசை நாற்காலி கேட்டிருக்கிறார்கள், தலைவரோடு நின்று படம் எடுத்துக்கொள்ள நேரம் கேட்டிருக்கிறார்கள். புல்லைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

“பச்சைங்கிறது நிறம்” என்றார் கடைசியில். “நாங்க பார்க்கிறது நிலை.”

மெக்கானிக்குக் கோல்ஃப் தெரியாது. பந்தை எதற்காக அவ்வளவு தூரம் அடித்துவிட்டு அப்புறம் அதைத் தேடிக்கொண்டு நடக்கிறார்கள் என்பதே அவனுக்குப் புரிந்ததில்லை. கோல்ஃப் அக்காவின் விஷயம்.

அக்கா பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்கிறவள். அம்மா போனதும் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தவள், தம்பியைப் படிக்க வைத்து வேலையில் சேர்த்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது எதிரே டிவியில் கோல்ஃப் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ தவறுதலாகக் கொடுத்த சேனல். அன்றிலிருந்து அவளுக்கு அதுதான். கிண்டல் செய்தால் ஒரே பதில் சொல்வாள்: “யாரும் கத்தறதில்ல, யாரும் யாரையும் தள்ளறதில்ல. ஒருத்தன் அடிக்கப் போறான்னா மொத்தக் கூட்டமும் மூச்சைப் பிடிச்சிட்டு நிக்குது. எனக்காக யாராவது அப்படி நின்னிருக்காங்களாடா?” பதிலுக்கு அவன் எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வருவான்.

அந்த அக்காவின் கண் நரம்பு வாடிக்கொண்டு வருகிறது. கண் டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். பார்வை ஓரத்திலிருந்து மூடிக்கொண்டே வரும், திரை இழுக்கிற மாதிரி. நிறுத்த வழியில்லை. இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது. அவங்களுக்கு எதைப் பார்க்க ஆசையோ காட்டிடுங்க.

அவன் கேட்டான். அக்கா ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. அந்தப் பச்சையை நேரில் ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்றாள்.

அவ்வளவுதான் விஷயம். ஒரு மனுஷி, ஒரு புல்வெளி, நடுவில் ஒரு பஸ் பயணம். நடுவில் சம்மேளனம் என்று ஒன்று உட்கார்ந்திருக்கும் என்று அவன் கனவா கண்டான்?

வெளியாட்கள் மைதானத்துக்குள் போகப் பயணி அனுமதி வேண்டும். அது ஒரு ஆளுக்கு ஆயுளில் ஒரே தடவை. ஒரே மைதானம், ஒரே நாள். தப்பானதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் போனது போனதுதான். மைதானங்களுக்குப் போன் போட்டுக் கேட்டான். எங்கள் நிலையை நாங்களே சொல்வது தற்பெருமை, சம்மேளனத்தைக் கேளுங்கள் என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொல்லி வைத்தார்கள். இணையத்தில் தேடினான். மூன்று மைதானத்துக்கும் படம் இருந்தது. மூன்றிலும் அதே புல், அதே கொடி, ஒற்றைக் காலில் நிற்கும் அதே கொக்கு. ஒரே கொக்கு மூன்று இடத்துக்கும் பறந்து போய் அதே காலைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கும் என்று நம்புவதற்கு அவனுக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

ஒரு விடுமுறை நாளில் மலையடி மைதானம் வரைக்கும் நேரிலேயே போனான். உயரமான மதில், மதிலுக்கு உள்ளே நெருக்கியடித்து மரங்கள். வாசலில் ஒரு பலகை: ‘எட்டிப் பார்ப்பது நிலையைப் பாதிக்கும்.’

ஆகவே ஸ்க்ரூடிரைவர். ஆகவே இந்தக் கவுன்ட்டர்.

செயலர் கெட்டவரில்லை. பொறுமையாக விளக்கினார். மூன்று மைதானங்களை ஒப்பிட வேண்டுமானால் மூன்றின் நிலையையும் ஒரே கணத்தில் அறிய வேண்டும். காலையில் ஒன்றையும் மதியம் ஒன்றையும் பார்த்தால் அது ஒப்பீடு அல்ல, வேடிக்கை. ஒரே ஆய்வாளர் ஒரே கணத்தில் மூன்று இடத்தில் நிற்க முடியாது. மூன்று ஆய்வாளர்களை அனுப்பினால் மூன்று பேருக்கும் கண் வேறு. எனவே சம்மேளனம் பல காலம் ஆராய்ந்து ஒரு முறையைக் கண்டுபிடித்திருக்கிறது. ஆய்வாளர் யாருமே போவதில்லை.

“அப்ப நிலை எப்படித் தெரியும் சார்?”

“வாங்க, காட்டறேன்” என்று அவனை உள்ளே அழைத்துப்போனார்.

நீள மேஜை. அதன்மேல் மூன்று டெலிபோன். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு உதவியாளர், பந்தயக் குதிரை மாதிரி முன்னால் சாய்ந்தபடி. மூன்று மைதானங்களிலிருந்தும் ஒரே நொடியில் போன் வர வேண்டும். ஒரு மணி முந்தி அடித்தால் அந்த மைதானம் அவசரப்படுகிறது, மறைக்க ஏதோ இருக்கிறது என்று பொருள். பிந்தி அடித்தால் அலட்சியம். இரண்டு நிலையிலும் யாரும் எடுக்கக் கூடாது. மறுபடியும் முதலிலிருந்து.

மெக்கானிக் சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான். மலையடி அடித்தது. எல்லாரும் தலையை ஆட்டி வருத்தப்பட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கடலோரமும் மலையடியும் சேர்ந்தே அடித்தன, அறையில் ஒரு சிலிர்ப்பு ஓடியது, ஏரிக்கரை மட்டும் அடிக்கவில்லை. எடுக்காமலே அடங்கிப்போயின. மூன்றும் எப்போதாவது சேர்ந்து அடித்திருக்கின்றனவா என்று அவன் பக்கத்தில் நின்ற செயலரிடம் கேட்டான்.

“என் முன்னோடி காலத்துல ஒரு தடவை அடிச்சதா சொல்வாங்க” என்றார் செயலர் தாழ்ந்த குரலில். “அப்போ எடுக்க ஆள் இல்ல. டீ குடிக்கப் போயிருந்தாங்க.”

அன்று சாயங்காலம் வீட்டில் அவன் மூன்று டம்ளரைக் கவிழ்த்து வைத்து அந்தக் காட்சியை நடித்துக் காட்டினான். செயலர் மாதிரி கழுத்தைச் சாய்த்து, உதவியாளர் மாதிரி முன்னால் சரிந்து. அக்கா மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, போதும்டா போதும்டா என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாயிற்று.

சிரிப்பு அடங்கியதும் அவன் தினமும் கேட்கிற கேள்வியைக் கேட்டான். எவ்வளவு தெரியுது?

“கதவு அளவுக்குத் தெரியுது” என்றாள் அக்கா. “கதவைத் திறந்து வச்சிட்டு வெளியே பார்க்கிற மாதிரி.”

அடுத்த வாரம் அது ஜன்னல் அளவு ஆகியிருந்தது.

மெக்கானிக் வேலைக்கும் சம்மேளனத்துக்குமாக ஓடினான். காலையில் எங்கேயாவது லிப்ட் நடுமாடியில் நின்றுபோய் உள்ளே ஆள் கத்திக்கொண்டிருக்கும். அதை இறக்கிவிட்டு, கிரீஸ் கையோடு சம்மேளனத்துக்கு வந்தால் அங்கேயும் எல்லாம் நடுமாடியில்தான் நின்றுகொண்டிருக்கும். லிப்டில் மாட்டிக்கொண்டவர்களாவது கத்துவார்கள். இங்கே யாரும் கத்தவில்லை. பச்சைக் கோட்டைத் தடவிவிட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள்.

போன் முறை பலிக்காதபோது மாற்று வழி ஒன்று உண்டு. நிலைக் குழுவின் பெருங்கூட்டம். பயணி என்ற முறையில் அவனும் பார்வையாளராக உட்காரலாம் என்று செயலர் சொன்னார். உட்கார்ந்தான்.

கூடம் முழுக்கப் பச்சைக் கம்பளம். வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கம்பளத்தின் நடுவே கயிறு கட்டி ஒரு சதுரத்தைத் தனியாகப் பிரித்து, யாரும் மிதிக்காமல் ஓரமாகச் சுற்றி நடந்தார்கள். அது மைதானத்தின் அடையாளமாம். எல்லாரும் எழுந்து நின்று புல்லுக்காக மௌனம் காத்தார்கள். பிறகு தலைவர் எழுந்தார். நல்ல கனத்த தேகம், தேனில் ஊறின குரல்.

“நண்பர்களே” என்றார் தலைவர். “நான் இந்த நாற்காலியில் அமர்ந்த நாள் முதலாக ஒரு கோல்ஃப் மைதானத்திலும் கால் வைத்ததில்லை.”

கைதட்டல்.

“கால் வைத்தவன் அந்த மைதானத்தின் பக்கம் சாய்ந்துவிடுவான். கண்ணால் பார்த்தவனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நம் குழுவில் எவரும் எதையும் பார்த்ததில்லை என்பதே நம் தீர்ப்பின் மாண்பு. ஒரு காலத்தில் இந்தச் சம்மேளனத்தில் ‘சுமார்’ என்றொரு சொல் இருந்தது. அது சிலரைப் புண்படுத்தியது, ஒழித்தோம். ‘பரவாயில்லை’ என்றொரு சொல் இருந்தது, அதையும் ஒழித்தோம். ‘நன்று’ என்ற சொல், தான் ‘மிக நன்று’ இல்லையே என்று ஏங்கவைத்தது. இரண்டையும் ஒரே நாளில் ஒழித்தோம். இன்று நம் கையில் எஞ்சியிருப்பது ஒரே ஒரு சொல். உன்னதம். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மூன்று மைதானங்களை ஒப்பிடும் துணிவு வேறு யாருக்கு வரும்?”

யாருக்கும் வராது என்று குழு ஒப்புக்கொண்டது. மலையடி: உன்னதம். ஏரிக்கரை: உன்னதம். கடலோரம்: உன்னதம். ஒப்பீட்டின் முடிவு, மூன்று மைதானங்களும் முதலிடம். தீர்மானம் ஒரு மனதாக நிறைவேறியது. ஒரே ஒரு உறுப்பினர் மட்டும் ‘அதி உன்னதம்’ என்ற சொல்லை அடுத்த ஆண்டுக்காகப் பரிசீலிக்கலாம் என்று முணுமுணுத்தார். பொறாமையை வளர்க்கும் சொல் என்று உட்கார வைத்தார்கள்.

மெக்கானிக் எழுந்து நின்றான். மூன்றும் ஒன்று என்றால் நான் எதற்குத்தான் போவது என்று கேட்டான்.

“அது பயணியின் சுதந்திரம்” என்றார் தலைவர் புன்னகையோடு. “அதில் சம்மேளனம் ஒருநாளும் தலையிடாது.”

அப்போதுதான் அவன் அந்தத் தப்பைச் செய்தான். உண்மையைச் சொல்லிவிட்டான். அக்காவைப் பற்றி, கண்ணைப் பற்றி, கதவு ஜன்னல் ஆனதைப் பற்றி. அவசரத்துக்குக் காரணம் தெரிந்தால் இளகுவார்கள் என்று நினைத்தான். இளகத்தான் செய்தார்கள். தலைவர் பச்சைக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு உறுப்பினர்கள் மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு செயலர் குனிந்து தலைவர் காதில் ஏதோ சொன்னார். தலைவரின் முகம் கல்லாகிவிட்டது.

விஷயத்தைச் செயலர்தான் வெளியே வந்து, தோளில் கை போட்டு, பக்குவமாகச் சொன்னார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. கண்ணு மங்கலா இருந்தா புல்லு மங்கலாத் தெரியும். புல்லு மங்கலாத் தெரிஞ்சா நிலை இறங்கும். ஒரு ஆளோட கண்ணால ஒரு மைதானத்தோட உன்னதம் போகலாமா? நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க.”

“அதனால?”

“அதனால உங்க அக்காவோட கண்ணும் உன்னதம்னு நாங்க உறுதி பண்ணணும். கூட்டிட்டு வாங்க.”

அன்று மெக்கானிக் வீட்டுக்கு நேராகப் போகவில்லை. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, வந்த பஸ்ஸையெல்லாம் போகவிட்டான். பார்வை போகிறது என்பதற்காகத்தான் பார்க்கப் போகிறோம். பார்வை போகவில்லை என்றால்தான் பார்க்க விடுவார்கள். இதை அக்காவிடம் எந்த வாயால் சொல்வது?

சொன்னான். அழாமல் சொல்லத் தெரியாததால் செயலர் மாதிரியே கழுத்தைச் சாய்த்துக்கொண்டு சொன்னான். அக்கா இந்தத் தடவையும் சிரித்தாள். போலாம்டா, எனக்கும் அந்த ஆளைப் பார்க்கணும்போல இருக்கு என்றாள்.

எவ்வளவு தெரியுது என்று கேட்டான். தட்டு அளவு என்றாள்.

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் சம்மேளனத்தின் படி ஏறினாள். ஓரம் தெரியாதவளுக்குப் படி தெரியாது என்று அவனே சொல்லிக்கொண்டான். செயலர் அவளை நாற்காலியில் உட்கார வைத்து, மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். சம்மேளனத்தின் அதிகாரபூர்வப் பச்சையாம். வருஷக்கணக்கில் வெயில் தின்று அது இப்போது பழைய சாக்கு நிறத்துக்கு வந்திருந்தது.

“இது என்ன நிறம்னு சொல்லுங்கம்மா. யோசிச்சு, பதறாம.”

மெக்கானிக் அக்காவின் வாயையே பார்த்தான். சாக்கு நிறம் என்று அவள் உள்ளதைச் சொல்லிவிட்டால் எல்லாம் போச்சு.

“பச்சை” என்றாள் அக்கா. “கண்ணுக்குக் குளிர்ச்சியா எவ்வளவு நல்ல பச்சை.”

செயலர் நெகிழ்ந்துவிட்டார். தன் சர்வீஸில் இவ்வளவு துல்லியமான கண்ணைப் பார்த்ததில்லை என்று எழுந்து நின்றே சொன்னார். அனுமதிச் சீட்டு அன்றே கைக்கு வந்தது. வரும் வழியெல்லாம் மெக்கானிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பலே ஆளுக்கா நீ, அவனுக்கு என்ன பதில் வேணும்னு மூக்கால மோந்து பிடிச்சிட்டியே என்றான். அக்கா அவன் முழங்கையை இறுக்கிப் பிடித்தபடி வந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு அதிசயம் நடந்தது. தட்டு அளவு அதற்குமேல் சுருங்கவே இல்லை. எப்போது கேட்டாலும் தட்டு அளவு. அடுத்த வாரமும் தட்டு அளவு. மெக்கானிக் வேலை செய்கிற இடத்தில் விசில் அடிக்க ஆரம்பித்தான். நின்னுடுச்சு போலிருக்குக்கா, மூடறது நின்னுடுச்சு என்றான். இருக்கும்டா என்றாள் அக்கா.

மூன்றில் எது என்பதை அக்காவே முடிவு செய்தாள். பஸ்ஸில் ஜன்னல் வழியாகக் காற்று நிறைய வருகிற பாதை எது என்று கேட்டாள். ஏரிக்கரை என்றான். அப்ப ஏரிக்கரை என்றாள்.

ஏரிக்கரை மைதானத்தின் வாசலில் மேலாளர் காத்திருந்தார். செயலர் போட்ட பச்சைக் கோட்டின் தம்பி மாதிரி ஒரு கோட்டு. இங்கே வருகிற முதல் பயணி நீங்கள்தான் என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். செருப்பைக் கழற்ற வைத்தார். முதலில் தன் அறைக்கு அழைத்துப்போய்த் தண்ணீர் கொடுத்தார். அறையில் மைதானத்தைப் பார்த்தபடி இரண்டு பெரிய ஜன்னல்கள் இருந்திருக்க வேண்டும். இப்போது மேலிருந்து கீழ்வரை சம்மேளனத்தின் உன்னதச் சான்றிதழ்கள், கண்ணாடிச் சட்டம் போட்டு, ஜன்னல் தெரியாமல் மாட்டியிருந்தன. மின்விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“விடாம உன்னதம்” என்றார் மேலாளர். “எப்படிக் காப்பாத்தறீங்கன்னு எல்லாரும் கேட்பாங்க. ரகசியம் ஒண்ணுமில்ல. முதல்ல விளையாடறவங்களை நிறுத்தினோம். விளையாடறவன் புல்லைப் பெயர்த்துடறான். அப்புறம் நடக்கறவங்களை நிறுத்தினோம். அப்பவும் பார்த்தா, புல் வெட்டற ஆளும் தண்ணி ஊத்தற ஆளும் நாள் தவறாம மிதிச்சுக்கிட்டே இருக்காங்க. அதையும் நிறுத்திட்டோம். இன்னைக்கு இந்த மைதானத்துல ஒரு காலடித் தடம் காட்டுங்க பார்ப்போம்.”

மெக்கானிக்கின் கையிலிருந்த டம்ளர் பாதியில் நின்றது.

“நீங்க போய்ப் பார்க்கறதில்லையா?”

“நானா? என்னைப் போய் அந்தப் பாவத்தைப் பண்ணச் சொல்றீங்களே” என்று மேலாளர் சிரித்தார். “விளிம்பு வரைக்கும் பயணிக்கு அனுமதி உண்டு. போய்ட்டு வாங்க. நான் இங்கேயே இருக்கேன்.”

பின்கதவைத் திறந்துகொண்டு அக்காவின் கையைப் பிடித்தபடி அவன் வெளியே வந்தான்.

மண். கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் மண். பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஏரி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பள்ளம். கொடிக்கம்பங்கள் துருப்பிடித்துச் சாய்ந்து நின்றன, ஒன்றிலும் துணியில்லை. தூரத்தில் ஒரு சுழல்காற்று புழுதியைத் தூக்கி, வேறு இடமில்லாமல் அங்கேயே போட்டது.

“வந்துட்டமாடா?” என்றாள் அக்கா.

“வந்துட்டோம்.”

“பார்க்கவா?”

“ஒரு நிமிஷம் இரு அக்கா. வெயில் நேரா அடிக்குது. கண்ணை மூடிக்கோ. நான் சொல்றப்போ திற.”

அவள் சொன்னபடி மூடிக்கொண்டாள். மெக்கானிக் பைத்தியக்காரன் மாதிரி நாலாபக்கமும் பார்த்தான். ஒரு ஆயுளுக்கு ஒரு தடவை. அது இதுதான். மலையடியும் கடலோரமும் இனிக் கிடையாது. அப்படியே இருந்தாலும் அங்கேயும் இதே மேலாளரின் அண்ணன் தம்பிதான் இருப்பார்கள். எங்கேயாவது ஒரு செடி, ஒரு பாசி, ஒரு கைப்பிடிப் பச்சை.

தட்டு அளவுக்குத் தெரிகிறது. அப்படியானால் தட்டு அளவுக்குப் பச்சை போதும்.

இடது பக்கம் பழைய பம்ப் அறை ஒன்று இருந்தது. அதன் பக்கச் சுவருக்கு எப்போதோ பச்சை பெயின்ட் அடித்திருந்தார்கள். நிழலில் இருந்ததால் நிறம் அவ்வளவாகப் போகவில்லை. அவன் அக்காவை மெல்ல நடத்திக்கொண்டு போனான். வெடித்த மண் அவள் பாதத்தில் நொறுங்கிற்று. அவள் ஒன்றும் கேட்கவில்லை. சுவருக்கு ஒரு முழம் முன்னால் அவளை நிறுத்தி, தோள் இரண்டையும் பிடித்து நேராகத் திருப்பி, முகவாயைத் தொட்டுக் கொஞ்சம் நிமிர்த்திவிட்டான்.

“இப்பப் பாருக்கா.”

அக்கா கண்ணைத் திறந்தாள். சுவரைப் பார்த்தாள். அவள் முகம் அப்படியே மலர்ந்தது.

“எம்மாடி” என்றாள் மெதுவாக. “எவ்வளவு பச்சைடா.”

பலித்துவிட்டது. அழுக்குப் பெயின்ட் அவளை ஏமாற்றிவிட்டது. ஆமாக்கா, ஆமாக்கா என்றான். சம்மேளனம் தலையைத் தடவிக் கொடுத்தால்கூட அவனுக்கு அந்த நேரத்தில் சம்மதம்தான்.

“டிவில பார்த்ததைவிடப் பெரிசா இருக்குடா. எவ்வளவு தூரம் போகுது பாரு. அந்தக் கோடி வரைக்கும். அங்க பார், கொடி ஆடுது” என்று கையை நீட்டிக் காட்டினாள்.

அவளுடைய விரல் சுவரில் போய் இடித்தது.

அக்காவின் விரல் சுவரின் மேலேயே இருந்தது. பிறகு அது மெதுவாகக் கீழே இறங்கி, காரையின் சொரசொரப்பைத் தடவிப் பார்த்து, தன்னையே மடக்கிக்கொண்டது.

பின்னால் கதவு திறக்கிற சத்தம். மேலாளர் வாசலைத் தாண்டாமல், முதுகை மைதானத்துக்குக் காட்டியபடி நின்று குரல் கொடுத்தார். பயணி தன் வாயால் நிலையைச் சொல்ல வேண்டும், விதி அப்படி. சம்மேளனத்தில் லைனில் காத்திருக்கிறார்கள். அம்மா என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார்.

மெக்கானிக் வாயைத் திறந்தான். அவனிடம் அந்த நேரத்தில் பல சொற்கள் இருந்தன, சம்மேளனம் ஒழித்ததும் ஒழிக்காததுமாக. அக்கா அவன் கையை அழுத்தினாள்.

“உன்னதம்னு சொல்லுங்க” என்று உரக்கச் சொன்னாள். “என் கண்ணால பார்த்தேன்.”

மேலாளர் குழந்தை மாதிரி ஓடினார். அவர் போனில் கத்துவது வெளியே கேட்டது. நேரில் பார்த்த சாட்சி ஐயா, நம்ம வரலாற்றிலேயே முதல் சாட்சி. அந்தப் பக்கத்தில் தலைவர் என்ன சொன்னாரோ, மேலாளரின் குரல் தழுதழுத்தது.

அக்கா சுவரில் முதுகைச் சாய்த்து அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். ஒரு கட்டியை எடுத்து விரல்களுக்கு நடுவே உடைத்தாள். தூளைக் காற்றில் விட்டாள். அவன் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவள் கண்ணையே பார்த்தான். அது அவனுக்குக் கொஞ்சம் இடப்பக்கமாக, அவன் இல்லாத இடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

“தட்டு அளவு தெரியுதுன்னு சொன்னியேக்கா.”

“தட்டுக்குக் கீழ என்ன சொல்றதுன்னு தெரியலடா. டம்ளர்னு சொன்னா நீ பயந்துடுவே.”

“எப்போலேருந்து?”

அவள் பேச்சை மாற்றப் பார்த்தாள். திரும்புவதற்கு எத்தனை மணிக்குப் பஸ் என்றாள். அவன் விடவில்லை. மறுபடியும் அதையே கேட்டான். அவன் குரல் உடைந்ததைக் கேட்டதும் அக்கா கையை நீட்டித் துழாவி, அவன் தலையைக் கண்டுபிடித்து, மண் ஒட்டிய கையாலேயே கோதிவிட்டாள்.

“அம்மா போனப்போ மூலையில உக்காந்தவன்தானே நீ. உன்னை எழுப்பறதுக்குள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இந்தத் தடவை எழுப்ப என்னால ஆகாதுடா. ஓடறதுக்கு உனக்கு ஒண்ணு வேணும்னு பார்த்தேன். நீ ஓடிட்டு வந்து சாயங்காலம் அவங்களை மாதிரியெல்லாம் பேசிக் காட்டுவே. எனக்கும் பொழுது போச்சு.”

“எப்போலேருந்துன்னு கேட்டேன்.”

“டாக்டர் உன்னைத் தனியாக் கூப்பிட்டுப் பேசினாரே, அதுக்கு முன்னாடியே ரெண்டும் போயிடுச்சுடா. இன்னும் கொஞ்ச நாள் இருக்குன்னு உன்கிட்ட சொல்லச் சொல்லி நான்தான் அவர் கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டேன்.”